சொம்புத் தண்ணீரில் ஏழு நதிகள்: வேதத்தின் சொந்த ஊர் எது?

ஆவடியை அடுத்த வெள்ளானூரில் நண்பர் வீட்டு கிரகப்பிரவேசம். டேங்க் ஃபேக்டரியில் முப்பது வருஷம் உழைத்து, ஓய்வு பெற்ற பணத்தில் கட்டிய வீடு. விடிகாலை நாலரை மணி முகூர்த்தம். பெயின்ட் வாசனையும் ஹோமப் புகையும் கலந்து கண்ணைக் கரித்தன. பசு மாடு படியேற மறுத்து ஒரு கால் மணி நேரம் எல்லோரையும் சிரிக்க வைத்தது.

கலசத்தில் தண்ணீர் நிரப்பினார்கள். வீட்டு போர் தண்ணீர்தான். வாத்தியார் அதன்மேல் கையை வைத்து ஏழு நதிகளை அழைத்தார். கங்கை, யமுனை, கோதாவரி, சரஸ்வதி, நர்மதை, சிந்து, காவிரி.

நண்பரின் பேத்தி எட்டாம் வகுப்பு படிக்கிறாள். தூக்கக் கலக்கத்திலும் கேள்வி மட்டும் விழித்திருந்தது. "வாத்தியார் மாமா, நம்ம பக்கத்துல இருக்கறது கொசஸ்தலையாறும் கூவமும்தானே? அதை ஏன் கூப்பிடல?"

கூடத்தில் சிரிப்பு. வாத்தியார் கோபித்துக்கொள்ளவில்லை. "குழந்தே, காவேரி வந்ததே பெரிய விஷயம். ஆதியில அவளும் லிஸ்ட்ல கிடையாது" என்றார். அடுத்த மந்திரத்துக்குப் போய்விட்டார்.

போகிற போக்கில் அவர் சொன்ன அந்த ஒரு வரிக்குள் மூவாயிரம் வருஷக் கதை இருக்கிறது. வேதம் என்றால் காசி என்பார்கள் சிலர், குருக்ஷேத்திரம் என்பார்கள் சிலர், நம் ஊரில் கும்பகோணம் என்பவர்களும் உண்டு. மூன்றுமே சரி. ஆனால் வெவ்வேறு காலத்தில் சரி. வேதப் பண்பாட்டின் மையம் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கவில்லை. அது நகர்ந்துகொண்டே இருந்தது. எங்கெல்லாம் நகர்ந்தது என்பதற்கு நதிகளின் பெயர்களே சாட்சி.

காவிரி இல்லாத பட்டியல்

வேதங்களில் மூத்தது ரிக் வேதம். 10 மண்டலங்கள், 1028 சூக்தங்கள். பத்தாவது மண்டலத்தில் நதிகளுக்கென்றே ஒரு துதி இருக்கிறது. அது கிழக்கே கங்கையில் தொடங்குகிறது. யமுனை, சரஸ்வதி, பிறகு சுதுத்ரி (இன்றைய சட்லெஜ்), பருஷ்ணி (ராவி), அசிக்னி (செனாப்), விதஸ்தா (ஜீலம்) என்று மேற்கே நடந்துபோய் சிந்துவைத் தொடுகிறது. அங்கேயும் நிற்கவில்லை. குபா என்ற காபூல் ஆறு, கிருமு என்ற குர்ரம், கோமதி என்ற கோமல் வரை போகிறது. அதாவது இன்றைய பாகிஸ்தானும் ஆப்கானிஸ்தானும்.

அந்தத் துதியின் நாயகி கங்கை இல்லை, சிந்து. கங்கைக்கு ரிக் வேதம் முழுவதிலும் ஓரிரு இடம்தான். இன்று நாம் தலையில் வைத்துக் கொண்டாடும் கங்கை, அன்றைக்குக் கிழக்கு ஓரத்தில் இருந்த ஓர் ஆறு! நர்மதை, கோதாவரி, காவிரி மூன்றும் அந்தப் பட்டியலில் இல்லவே இல்லை. ரிக் வேதப் புலவர்கள் பாடியது அவர்கள் கண்ட நிலத்தை. பஞ்சாபும் அதைச் சுற்றிய பகுதிகளும்தான் அவர்களின் உலகம்.

அங்கேயும் அவர்கள் சும்மா இருக்கவில்லை. விசுவாமித்திரர் விபாசா (பியாஸ்), சுதுத்ரி ஆறுகளோடு பேசுவதாக ஒரு சூக்தம் உண்டு. வண்டிகளும் தேர்களுமாகப் பரதர் கூட்டம் கரையில் காத்திருக்கிறது. அச்சு நனையாத அளவுக்குத் தாழ்ந்து வழி விடுங்கள் தாய்மாரே என்று முனிவர் கெஞ்சுகிறார். நதிகள் முதலில் பிகு பண்ணிக்கொண்டு, பிறகு இறங்கி வருகின்றன. ஒரு கூட்டம் ஆற்றைக் கடந்து இடம் பெயர்ந்த காட்சியை இதைவிட அழகாக யாரும் பதிவு செய்ததாகத் தெரியவில்லை. இதே பரதர் குலத்தின் சுதாஸ் மன்னன்தான் ராவி நதிக்கரையில் பத்து அரசர்களின் கூட்டணியை வென்றான். வசிஷ்டர் அவன் பக்கம்.

அதற்குப் பின் மையம் கிழக்கே சாய்கிறது. குரு வம்சத்தின் குருக்ஷேத்திரம், இன்றைய ஹரியானா. சரஸ்வதிக்கும் திருஷத்வதிக்கும் நடுவிலிருந்த நிலத்தை மனுஸ்மிருதி பிரம்மாவர்த்தம் என்கிறது. சரஸ்வதி மணலில் மறையும் இடத்துக்கு வினசனம் என்று பெயர். அங்கே தொடங்கி, ஆற்றின் கரையோடு மேல்நோக்கி நடந்துகொண்டே செய்யும் ஒரு யாகத்தைப் பிராமண நூல்கள் விவரிக்கின்றன. யாகசாலையே நடைப்பயணம் போகும்! ஆறு வற்றத் தொடங்கியதை அறிந்தவர்களின் சடங்கு அது.

குருக்களுக்குப் பக்கத்தில் பாஞ்சாலர்கள், கங்கைக்கும் யமுனைக்கும் இடைப்பட்ட நிலம். தமிழ்நாட்டுப் பிராமணர்களில் பெரும்பாலோர் ஓதுவது கிருஷ்ண யஜுர் வேதத்தின் தைத்திரீய சாகை. அது உருவான இடம் இந்தப் பாஞ்சால வட்டாரம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். வெள்ளானூரில் அன்று காலை கேட்ட ஸ்வரம் எங்கிருந்து புறப்பட்டது, பாருங்கள்.

வாயில் நெருப்போடு ஒரு ராஜா

எனக்கு மிகவும் பிடித்த கதை சதபத பிராமணத்தில் வருவது. விதேக மாதவன் என்றொரு அரசன். அக்னியை வாய்க்குள் அடக்கி வைத்திருக்கிறான். அவனுடைய புரோகிதர் கோதம ராகூகணர் கூப்பிட்டுப் பார்க்கிறார். வாயைத் திறந்தால் நெருப்பு விழுந்துவிடுமே என்று ராஜா பேசவில்லை. புரோகிதர் விடாமல் மந்திரம் சொல்கிறார். ஒரு மந்திரத்தில் நெய் என்ற சொல் வருகிறது. அவ்வளவுதான், நெய் என்றதும் அக்னிக்குப் பொறுக்குமா? வாயிலிருந்து பாய்ந்துவிட்டது.

அப்போது அவர்கள் இருந்தது சரஸ்வதிக் கரையில். அங்கிருந்து நெருப்பு கிழக்கு நோக்கி நிலத்தைச் சுட்டுக்கொண்டே ஓடுகிறது. ராஜாவும் புரோகிதரும் பின்னாலேயே ஓடுகிறார்கள். வழியிலிருந்த ஆறுகளையெல்லாம் தாண்டிய நெருப்பு, இமயத்திலிருந்து இறங்கும் சதாநீரா ஆற்றை மட்டும் தாண்டவில்லை. அதனால் பழங்காலத்தில் பிராமணர்கள் அந்த ஆற்றைக் கடக்கமாட்டார்கள், அக்கரை சதுப்பும் ஈரமுமாகக் கிடந்தது என்கிறது நூல். இப்போது அங்கே பலர் இருக்கிறார்கள், வேள்விகளால் அந்த நிலம் பண்பட்டுவிட்டது என்றும் சொல்கிறது. "நான் எங்கே குடியிருப்பது?" என்று ராஜா கேட்க, "இந்த ஆற்றுக்குக் கிழக்கே" என்று அக்னி பதில் சொல்கிறான்.

சதாநீரா என்பது பீகாரின் கண்டகி ஆறு என்பது பெரும்பாலோர் கருத்து. அக்கரை விதேகம். நம் சீதாதேவியின் பிறந்த வீடு! காட்டைக் கொளுத்தி, சதுப்பைத் திருத்தி, விவசாயத்துக்கும் யாகத்துக்கும் இடம் பண்ணிய நினைவு இந்தக் கதைக்குள் இருக்கிறது. அப்படிக் கொளுத்தியபோது அங்கே ஏற்கெனவே இருந்தவர்கள் யார், என்ன ஆனார்கள் என்று கதை சொல்லவில்லை. அவர்களுக்கு வேறு கதை இருந்திருக்கும்.

கொஞ்ச காலத்திலேயே அந்த 'சதுப்பு நிலம்' மையமாகிவிடுகிறது. ஜனகர் சபையில் ஆயிரம் பசுக்களை, கொம்பில் பொன் கட்டி நிறுத்துகிறார்கள். குரு, பாஞ்சாலத்திலிருந்து வந்த பெரிய பண்டிதர்கள் எல்லாம் தயங்கி நிற்க, யாக்ஞவல்கியர் தன் மாணவனிடம் "ஓட்டிக்கொண்டு போ" என்கிறார். அவரை மடக்கி மடக்கிக் கேள்வி கேட்கிறாள் கார்கி. இந்த யாக்ஞவல்கியரின் பெயரோடு இணைந்தது சுக்ல யஜுர் வேதம், அதாவது வாஜஸநேயம். பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் விழுப்புரம் பக்கம் இது மறுபடி வரும்.

தாய்வீடே தள்ளி வைக்கப்பட்டது

மையம் நகரும்போது இன்னொன்றும் நடக்கிறது. எது 'நம்ம ஊர்', எது 'அசலூர்' என்ற எல்லைக்கோடும் கூடவே நகர்கிறது. அதர்வ வேதத்தில் ஒரு மந்திரம் காய்ச்சலை விரட்டுகிறது. எங்கே போகச் சொல்கிறது தெரியுமா? காந்தாரத்துக்கும், அங்கத்துக்கும், மகதத்துக்கும்! எனக்கு வேண்டாம், அவர்கள் வைத்துக்கொள்ளட்டும் என்கிற பாவம்.

போதாயன தர்ம சூத்திரம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. அவந்தி, அங்கம், மகதம், சுராஷ்டிரம், தட்சிணாபதம், சிந்து, சௌவீரம் ஆகிய இடத்து ஜனங்கள் கலப்புப் பிறப்பினர் என்று எழுதிவைத்தது. வங்கம், கலிங்கம் போன்ற இடங்களுக்குப் போய்வந்தால் பரிகாரம் செய்ய வேண்டும் என்றும் விதித்தது. அந்தப் பட்டியலை மறுபடி படியுங்கள். சிந்து இருக்கிறது. எந்த நதியைப் புகழ்ந்து முன்னோர் பாடினார்களோ, அந்த நதியின் நாடு! தாய்வீட்டையே சில நூற்றாண்டுகளில் தள்ளி வைத்துவிட்டார்கள். தட்சிணாபதம், அதாவது தெற்கும் அதே பட்டியலில்.

வேடிக்கை என்னவென்றால், போதாயன சூத்திரத்தை இன்றைக்கும் குடும்ப வழக்கமாகப் பின்பற்றுகிறவர்களைத் தேடினால், பெரும்பாலும் அந்தத் தெற்கில்தான் கிடைப்பார்கள்.

இந்த இடத்தில் ஒரு சிறு நிறுத்தம். இந்த விஷயத்தை எடுத்தாலே குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் சண்டை வந்துவிடும். வேத மொழி பேசியவர்கள் வெளியிலிருந்து வந்தார்களா, இங்கேயே இருந்தார்களா? சமஸ்கிருதத்துக்கும் ஈரானிய, ஐரோப்பிய மொழிகளுக்கும் உள்ள உறவை வைத்து, வடமேற்கு வழியாக வந்த மொழி என்பது பெரும்பாலான மொழியியல் அறிஞர்களின் முடிவு. மறுப்பவர்களும் இருக்கிறார்கள். துருக்கியில் கிடைத்த, கி.மு. 14-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு களிமண் பலகை உடன்படிக்கையில் மித்திரன், வருணன், இந்திரன், நாஸத்யர் என்ற பெயர்கள் சாட்சிகளாக நிற்கின்றன என்பது இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் விஷயம். என் கருத்தைக் கேட்டால், எங்கிருந்து முதலில் புறப்பட்டது என்ற ஒரே கேள்வியில் மாட்டிக்கொண்டு, அதற்குப் பிறகு எத்தனை முறை ஊர் மாறியது என்பதைப் பார்க்காமலே விட்டுவிடுகிறோம். வேத நூல்களே மறைக்காமல் சொல்லியிருக்கிற பகுதி அது.

காஞ்சிக்குப் படிக்க வந்த பையன்

தெற்கே எப்போது வந்தது? சங்க காலத்திலேயே பாண்டியன் ஒருவனுக்குப் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி என்று பெயர். பெயரிலேயே யாகசாலை. ஆனால் தெற்கு ஒரு மையமாக, வெளியூர்க்காரர்கள் தேடி வந்து படிக்கும் இடமாக மாறியதற்கு அழுத்தமான சாட்சி கர்நாடகத்தில் இருக்கிறது. சிவமொக்கா மாவட்டத்துத் தாளகுந்தா கல்வெட்டு.

4-ஆம் நூற்றாண்டு. மயூரசர்மன் என்ற பிராமண இளைஞன், தன் குருவோடு காஞ்சிபுரத்துக் கடிகைக்கு வேதம் படிக்க வருகிறான். கடிகை என்பது அந்தக் கால உயர்கல்விக்கூடம். வந்த இடத்தில் பல்லவ குதிரைவீரன் ஒருவனோடு தகராறு. அவமானப்பட்ட இளைஞன் தர்ப்பையைக் கீழே வைத்துவிட்டு வாளை எடுத்தான். கடைசியில் கதம்ப ராஜ வம்சத்தையே தொடங்கிவிட்டான். படிக்க வந்த பிள்ளை படிப்பை விட்டுவிட்டு ராஜாவான கதை! அந்தக் காஞ்சி, வெள்ளானூர்க்காரர்கள் பூந்தமல்லி போய் பஸ் மாறினால் எட்டிவிடும் தூரம்தான்.

பல்லவர்களும் சோழர்களும் வேதம் ஓதுபவர்களுக்கு ஊர் ஊராக நிலம் கொடுத்தார்கள். பிரம்மதேயம், சதுர்வேதிமங்கலம் என்று பெயர். காஞ்சிக்குப் பக்கத்துக் கூரம் செப்பேடு 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஊரை 25 பங்காக்கி, அதில் 20 பங்கை நான்கு வேதம் கற்ற 20 பேருக்குத் தருகிறது. கோயிலில் பாரதம் வாசிப்பவருக்கும் ஒரு பங்கு உண்டு. பல்லவர் செப்பேடுகளில் 'குடி நீக்கி' என்று ஒரு சொற்றொடரும் வருகிறது. முன்பு உழுதவர்களை வெளியேற்றினார்கள் என்று சிலரும், அவர்களின் பழைய உரிமையை மட்டும் மாற்றினார்கள் என்று சிலரும் பொருள் சொல்கிறார்கள். எப்படியானாலும், சதாநீரா அக்கரையில் எழுந்த கேள்வி பாலாற்றங்கரையிலும் எழாமல் இல்லை.

விழுப்புரம் மாவட்டத்தில் எண்ணாயிரம் என்று ஓர் ஊர். அங்கே நரசிங்கப் பெருமாள் கோயிலில் ராஜேந்திர சோழன் (1012–1044) காலத்துக் கல்வெட்டு ஒன்று, கிட்டத்தட்ட ஒரு கல்லூரியின் அட்மிஷன் ரிஜிஸ்டர். மொத்த மாணவர்கள் 340. இளநிலையில் 270: ரிக் வேதத்துக்கு 75, யஜுர் வேதத்துக்கு 75, சந்தோக சாமத்துக்கு 20, தலவகார சாமத்துக்கு 20, வாஜஸநேயத்துக்கு 20, அதர்வத்துக்கு 10, போதாயன சூத்திரத்துக்கு 10, ரூபாவதார இலக்கணத்துக்கு 40. மேல்நிலையில் 70 பேர் வியாகரணம், மீமாம்சை, வேதாந்தம். சாப்பாட்டுக்கு நெல், ஆசிரியர்களுக்குச் சம்பளம், எல்லாவற்றுக்கும் சேர்த்து 45 வேலி நிலம்.

கவனித்தீர்களா? பஞ்சாபில் பிறந்த ரிக், பாஞ்சாலத்து யஜுஸ், நெருப்பு தாண்டத் தயங்கிய ஆற்றுக்கு அக்கரையிலிருந்து யாக்ஞவல்கியரின் வாஜஸநேயம், தெற்கே போகாதே என்ற தோரணையில் எழுதப்பட்ட போதாயனம் எல்லாம் ஒரே கூரையின் கீழ், தென்பெண்ணைப் பக்கத்து ஊரில், சோழன் போட்ட சோற்றில். அன்றைய தேதிக்கு வேதத்தின் சொந்த ஊர் எது என்று கேட்டால், எண்ணாயிரம் என்று சொன்னாலும் தப்பில்லை.

14-ஆம் நூற்றாண்டில் விஜயநகரத்தில் புக்கராயர் ஆதரவில் சாயணர் வேதங்களுக்கு உரை எழுதினார். மாக்ஸ் முல்லர் 1849 முதல் 1874 வரை ரிக் வேதத்தை அச்சிட்டபோது கூடவே அச்சிட்டது அந்த உரையைத்தான். சிந்துக் கரையின் பாட்டுக்கு உரை துங்கபத்திரைக் கரையிலிருந்து!

பூந்தமல்லி நம்பி

ஊர்கள் மாறின. வாசலில் யாரை விடுவது என்பது அவ்வளவு சீக்கிரம் மாறவில்லை. பெண்களுக்கும் உழைக்கும் சாதிகளுக்கும் வேதப் பாடசாலைக் கதவு சாத்தியே இருந்தது. கார்கி கேள்வி கேட்ட மரபில்தான் இதுவும் நடந்தது.

நம் பூந்தமல்லியில் பிறந்தவர் திருக்கச்சி நம்பி. குரு பரம்பரைக் கதைகள் அவரை வைசியர் என்கின்றன. காஞ்சி வரதராஜப் பெருமாளுக்கு ஆலவட்டம் வீசும் தொண்டு. பெருமாள் அவரோடு பேசுவார் என்பது நம்பிக்கை. வேத வேதாந்தம் கரைத்துக் குடித்த ராமானுஜர், தன் சந்தேகங்களுக்குப் பெருமாளிடம் பதில் கேட்டுச் சொல்லும்படி இவரைத்தான் நாடினார். நம்பியை வீட்டுக்குச் சாப்பிட அழைத்து, அவர் உண்ட மிச்சத்தைப் பிரசாதமாக உண்ண ஆசைப்பட்டார். ராமானுஜர் வெளியே போயிருந்த நேரத்தில் நம்பி வந்து சாப்பிட்டுப் போய்விட்டார். ராமானுஜரின் மனைவி இலையை எறிந்து, இடத்தைக் கழுவி, குளித்துவிட்டுப் புதிதாகச் சமைத்து வைத்திருந்தார். திரும்பி வந்து பார்த்த ராமானுஜருக்கு மனம் உடைந்துபோனது. நம்மாழ்வாரின் திருவாய்மொழியைத் தமிழ் மறை என்று வைணவ ஆசாரியர்கள் வேதத்துக்குச் சமமாக வைத்ததும் இந்த மண்ணில்தான்.

தொலைந்ததும் கிடைத்ததும்

இவ்வளவு ஊர் மாறியதில் சில சாகைகள் வழியில் காணாமல் போயின. சில, எதிர்பாராத இடத்தில் கிடைத்தன. அதர்வ வேதத்தின் பைப்பலாத சாகைக்கு காஷ்மீரத்து பூர்ஜ மரப்பட்டைச் சுவடி ஒன்றுதான் மிச்சம் என்று வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 1950-களின் கடைசியில் துர்காமோகன் பட்டாச்சாரியா ஒடிசா கிராமங்களுக்குப் போனார். அங்கே அதே சாகையின் பனையோலைச் சுவடிகளை வைத்துக்கொண்டு குடும்பங்கள் வாழ்ந்துகொண்டிருந்தன! கலிங்கம், ஞாபகம் இருக்கிறதா? போய்வந்தால் பரிகாரம் செய்யவேண்டிய நாடு.

கேரளத்தில் திருச்சூர் மாவட்டம் பாஞ்ஞாள் கிராமத்தில் 1975 ஏப்ரலில் நம்பூதிரிகள் பன்னிரண்டு நாள் அக்னிசயன யாகம் நடத்தினார்கள். பறவை வடிவத்தில் செங்கல் அடுக்கிய யாக மேடை. ஃபிரிட்ஸ் ஸ்டால் என்ற டச்சு அறிஞர் அதைப் படம் பிடித்து ஆவணப்படுத்தினார். வடக்கே என்றோ நின்றுபோன பெரிய வேள்வி, தெற்கு மூலையில் உயிரோடு இருந்தது.

எண்ணாயிரத்தில் 20 பேர் படித்தார்களே தலவகார சாமம், அதற்கு ஜைமினீயம் என்றும் பெயர். இன்று அதை முழுமையாகப் பாடத் தெரிந்தவர்கள் கேரளத்தின் சில ஊர்களிலும் தமிழ்நாட்டின் சில குடும்பங்களிலும் மட்டும். வேதம் ஓதும் மரபை யுனெஸ்கோ 2003-இல் மனிதகுலத்தின் வாய்மொழிப் பாரம்பரியமாக அறிவித்தது. ஆயிரத்துக்கு மேல் இருந்த சாகைகளில் மிஞ்சியவை 13 என்கிறது அதன் குறிப்பு. சாமத்தைப் புத்தகத்தில் அச்சடித்துவிடலாம். அந்த இழுப்பும் ஏற்ற இறக்கமும் ஒரு தொண்டையிலிருந்து இன்னொரு காதுக்குத்தான் போக வேண்டும். கேட்க ஒரு பிள்ளை உட்கார்ந்தால்தான் உண்டு.

வெள்ளானூரில் ஹோமம் முடிந்து மணி ஏழு. டிகிரி காபி, பொங்கல், வடை. வாத்தியார் அடுத்த முகூர்த்தத்துக்குத் திருமுல்லைவாயில் போக வேண்டும், பைக்கை உதைத்துக்கொண்டிருந்தார். பேத்தி வாசலுக்கே போய்விட்டாள்.

"மாமா, காவேரியை எப்போ சேத்தா, யார் சேத்தான்னு தெரியுமா?"

"பேர் தெரியாதுடி குழந்தே. காவேரிக் கரையில குடிவந்த எவனோ ஒருத்தன் சேத்திருப்பான்."

"அப்போ நாம கொசஸ்தலையாறைச் சேத்துக்கலாமா?"

வாத்தியார் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே யோசித்தார். "முதல்ல அதுல தண்ணி வரட்டும்" என்றார்.

கலசத்தில் மிச்சமிருந்த தண்ணீரை அதற்குள் யாரோ வாசல் துளசிக்கு ஊற்றியிருந்தார்கள்.